"முடிந்தது" என்றது கணினி, "தோட்டம் எங்கே?" என்றார் அப்பா

சென்ற ஆண்டு அப்பாவுக்கு 80 வயது நிறைந்தது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் உள்ள அவருடைய வீட்டில் உறவினர்கள் எல்லாரும் கூடினோம். வாழை இலைச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சியில் குடும்பப் படங்களை ஓட விட்டேன். பழைய தீபாவளிகள், அக்காவின் திருமணம், அப்பா வேலை பார்த்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி, கேமரன் மலைச் சுற்றுலா என்று படங்கள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தைமார் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னார்கள்.

கடைசிப் படம் வந்து திரை நின்றது. அப்பா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தோட்டத்துப் படம் ஒண்ணும் வரலையே?"

"இருக்குப்பா, இதோ போடுறேன்" என்று மடிக்கணினியைத் திறந்தேன். 'தோட்டம்' என்ற கோப்புறையே அங்கு இல்லை.

அம்மா 2016இல் காலமானார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பால் வாளியோடு ரப்பர் மரத்தடியில் நிற்கும் இளவயது அம்மாவின் படங்கள் அந்தத் தோட்டம் வரிசையில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

அந்தப் படங்களை எந்த வைரஸும் தின்னவில்லை, யாரும் திருடவும் இல்லை. மென்பொருள் எழுதியே பதினேழு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கும் நான், என் கையால் எழுதிய பத்து வரி நிரலால் தொலைத்தேன். அது எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதுகிற இளையவர்களுக்கு இது ஒரு பாடம். நிரல் எழுதாதவர்களின் கைப்பேசியிலும் கணினியிலும்கூட இதே ஆபத்து உண்டு.

ஒரே ஒரு படி

2014இல் அண்ணன் வீட்டில் இருந்த ஆல்பங்களை எல்லாம் தம் மேக் கணினியில் ஸ்கேன் செய்தார். மொத்தம் 412 படங்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "நம்ம படத்துக்கு நம்ம மொழியில பேர் வைங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் 'தீபாவளி_001', 'பள்ளி_001', 'தோட்டம்_001' என்று தமிழிலேயே பெயர் வைத்தார் அண்ணன். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி எனக்குத் தந்தார். நான் அதை என் வெளி வன்தட்டில் பிரித்து வைத்தேன்.

பிறகு 2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளம் வந்தது. தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்தவர்களுக்கு அந்த நாளை நினைவூட்ட வேண்டியதில்லை. அப்பாவைப் பத்திரமாக அழைத்து வந்துவிட்டோம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் போய்விட்டன. அண்ணனின் மேக் கணினி அதற்கு முன்பே பழுதாகிவிட்டது. மீதம் இருந்தது என் வன்தட்டில் இருந்த ஒரே ஒரு படிதான். "இன்னொரு படி எடுத்து வைக்கணும்" என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புது வன்தட்டு வாங்கினேன். பழைய தட்டில் அலுவலகக் கோப்புகள், திரைப்படங்கள், பதிவிறக்கிய குப்பைகள் எல்லாம் கலந்து கிடந்தன. குடும்பப் படங்களை மட்டும் பிரித்தெடுக்க, லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியில் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அதில் ஒன்பது சொற்கள் கொடுத்தேன்: தீபாவளி, திருமணம், பள்ளி, கேமரன், பினாங்கு, தைப்பூசம், தோட்டம், கோயில், பொங்கல். இந்தச் சொற்களில் தொடங்கும் படங்களைத் தேடு, சொல்லுக்கு ஒரு கோப்புறை போட்டுப் புதுத் தட்டில் சேர், எல்லாம் ஆனதும் 'முடிந்தது' என்று காட்டு. இவ்வளவுதான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் 'முடிந்தது' என்று வந்தது. இரண்டு கோப்புறைகளைத் திறந்து பார்த்தேன், படங்கள் இருந்தன. பழைய தட்டை அழித்து, மகனிடம் கார்ட்டூன் வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டேன்.

நட்சத்திரம் செய்யும் வேலை

பெயரைப் பார்த்துக் கோப்புகளைப் பொறுக்கியெடுக்கும் இந்த வேலைக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'குளோப்'. 'குளோபல்' என்ற சொல்லின் சுருக்கம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பு 1971இல் வந்தபோதே, குளோப் என்று ஒரு தனி நிரல் அதில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

நட்சத்திரக் குறி என்றால் 'இங்கே எது வேண்டுமானாலும் வரலாம், எதுவும் வராமலும் இருக்கலாம்' என்று பொருள். 'பள்ளி*' என்று கேட்டால் பள்ளி என்று தொடங்கும் எல்லாக் கோப்புகளும் வரும். கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கு இடம் விடும். 'பள்ளி_00?' என்று கேட்டால் 000 முதல் 009 வரை உள்ளவை வரும், 010 வராது. சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்.

கேட்பதற்கு எளிதுதான். இந்த எளிமையே ஆளைக் கவிழ்க்கும். கட்டளைச் சாளரத்தில் 'பழையது*' என்று தொடங்கும் கோப்புகளை அழிக்கச் சொல்ல நினைத்து, அவசரத்தில் நட்சத்திரத்துக்கு முன் ஓர் இடைவெளி விட்டுவிட்டால், கணினி அதை இரண்டு கட்டளைப் பொருளாகப் படிக்கும்: 'பழையது' என்ற கோப்பு ஒன்று, பிறகு 'எல்லாமே'. அந்தக் கோப்புறையில் இருப்பதெல்லாம் போய்விடும். நிரலாளர்களில் பலருக்கும் இப்படி ஒரு கதை உண்டு.

ஒரே கேள்விக்குப் பல பதில்

நான் பயன்படுத்தியது பைத்தான். வேறு மொழியில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேனா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கோப்புகளைப் பட்டியலிடும் வசதி ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் இருக்கிறது. ஆனால் 'அப்படி ஒரு கோப்பும் இல்லை' என்னும் நிலை வரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது.

பைத்தான் காலிப் பட்டியலைத் தரும். பிழை என்று எதுவும் சொல்லாது. பிஎச்பியும் அப்படியே. கூகுள் உருவாக்கிய 'கோ' மொழி இன்னும் அமைதியானது. கோப்புறையைத் திறந்து படிக்க முடியாமல் போனால்கூட அதன் குளோப் வாய் திறக்காது. பெயர் மாதிரியையே தப்பாக எழுதியிருந்தால் மட்டும் பிழை என்று சொல்லும்.

லினக்ஸில் பரவலாக உள்ள 'பாஷ்' கட்டளைச் சாளரத்தின் பழக்கம் விசித்திரமானது. பொருந்தும் கோப்பு இல்லையென்றால், நட்சத்திரக் குறியோடு சேர்ந்த அந்தச் சொல்லையே கோப்பின் பெயர் போல அடுத்த நிரலிடம் கொடுத்துவிடும். இன்றைய மேக் கணினிகளில் இயல்பாக வரும் 'இசட் ஷெல்'லோ 'பொருந்துவது எதுவுமில்லை' என்று சொல்லி அங்கேயே நிற்கும். நான் அந்த ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லையும் உண்டு. படக் கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் 'ஜேபிஜி' என்பதைச் சில கேமராக்கள் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதும். சில சிறிய எழுத்தில் எழுதும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எண்ணும். லினக்ஸுக்கு அவை வெவ்வேறு. வீட்டில் விண்டோஸில் சரியாக ஓடிய நிரல், அலுவலக லினக்ஸ் சர்வரில் பாதிப் படங்களை விட்டுவிட்டு ஓடும்.

பெர்ல் மொழியில் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால், குளோப் அதை இரண்டு தனித்தனி மாதிரிகளாகப் பிரித்துக்கொள்ளும். 'அக்கா திருமணம்*' என்று கேட்டால் 'அக்கா' தனி, 'திருமணம்*' தனி. ஜாவா இயக்கும் நோட் தளத்தில்... இல்லை, ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. வெளியில் உள்ளவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் நோட் தளத்தில் 2024 வரை இந்த வசதி உள்ளேயே இல்லை. மற்றவர்கள் எழுதிப் பகிர்ந்த தொகுப்பைத்தான் எல்லாரும் பயன்படுத்தினார்கள்.

ஆக, எந்த மொழியும் தவறாக நடக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கின்றன. நாம் நினைத்தது ஒன்று, கேட்டது ஒன்று என்றால் அதைக் கண்டுபிடிப்பது அவற்றின் வேலை அல்ல.

ஹவாயில் மாறிப்போன வரிசை

இது வீட்டுப் படங்களோடு போகும் சங்கதி அல்ல. 2019இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீலப்பச்சைப் பாசி வகை ஒன்றிலிருந்து எடுத்த வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மூலக்கூறின் அமைப்பை உறுதி செய்ய, 2014இல் வெளியான ஒரு பைத்தான் நிரலைப் பயன்படுத்தினார்கள். எழுதியவர்களின் பெயரால் அது வில்லோபி-ஹோய் நிரல் எனப்படுகிறது. உலகெங்கும் வேதியியலாளர்கள் நம்பிப் பயன்படுத்திய நிரல் அது.

ஒரே நிரல், ஒரே தரவு. ஆனால் விண்டோஸ் 10இல் ஒரு விடை வந்தது. உபுண்டு லினக்ஸில் வேறு விடை வந்தது. மேக் கணினியிலும் பழைய பதிப்பில் ஒன்று, புதிய பதிப்பில் ஒன்று.

காரணம் குளோப்தான். பைத்தான் கோப்புப் பட்டியலைத் தரும்போது அகர வரிசையில் தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை. இயங்குதளம் எந்த வரிசையில் கொடுக்கிறதோ அதை அப்படியே தரும். நிரலோ பட்டியல் எப்போதும் ஒழுங்காக வரும் என்று நம்பி, கோப்புகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கணக்குப் போட்டது. வரிசை மாறியதும் ஒன்றின் எண் இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. பட்டியலை வரிசைப்படுத்து என்று சொல்லும் சின்ன மாற்றமே தீர்வாக இருந்தது. ஆனால் அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று செய்திகள் வந்தன.

பிஎச்பி தானாகவே அகர வரிசையில் தருகிறது. ரூபி மொழி 2020இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அப்படி மாறிக்கொண்டது. பைத்தானிலும் ஜாவாவிலும் நாம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு நடந்தது வரிசைக் கோளாறு அல்ல. ஆனால் வேர் ஒன்றுதான். பட்டியல் நான் நினைத்தபடிதான் வந்திருக்கும் என்று நம்பினேன்; எடுத்துப் பார்க்கவில்லை.

சிவப்புப் பேனாவோடு அப்பா

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "தேடிப் பாரும்மா, கிடைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் பழைய மின்னஞ்சல்களைத் துழாவினேன். 2014இல் அண்ணன் எனக்குப் படங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் அனுப்பியிருந்தார். 412 பெயர்கள். புதுத் தட்டில் எண்ணிப் பார்த்தேன். 309தான் இருந்தன. 103 படங்களைக் காணோம்.

பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல் சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் இருப்பவற்றைப் படிக்க, அவர் குறி போட்டுக்கொண்டே வந்தார். காணாமல் போனவை தோட்டம் 47, கோயில் 35, பொங்கல் 21. மற்ற ஆறு வரிசைகளிலும் ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் வன்தட்டு பழுதாகியிருக்குமோ என்று யோசித்தேன். அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டம், கோயில், பொங்கல். மூணும் கொம்பு போட்ட எழுத்துல தொடங்குது பாரு."

"அதனால என்னப்பா? கேமரனுக்கும் கொம்பு இருக்கே. அது வந்திருக்கு."

"கேமரனுக்குக் கொம்பு மட்டும்தான். தைப்பூசத்துக்கு இணைக்கொம்பு, அதுவும் வந்திருக்கு. இது மூணுக்கும் முன்னாடி கொம்பு, பின்னாடி கால். கொம்பும் காலும் சேர்ந்து வர்றது மட்டும்தாம்மா காணோம்."

நாற்பது ஆண்டு ஒகர ஓகாரம் கற்பித்தவரின் கண் அது. எனக்குச் சட்டென்று விளங்கியது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

1991இல் வந்த யுனிகோட் முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் நாம் எழுத்து என்று சொல்வதும் யுனிகோட் எண்ணுவதும் ஒன்றல்ல. 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. கணினியிலோ அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள். ஆகவே குளோப்பில் ஒரு கேள்விக்குறி போட்டால் ஒரு தமிழ் எழுத்து அகப்படும் என்று நம்ப முடியாது.

ஓகாரத்தில் இன்னொரு சிக்கல். 'தோ' என்ற எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். த-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு முறை. த, அதன்பின் இரட்டைக்கொம்பு, அதன்பின் கால் என்று கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக வைப்பது இன்னொரு முறை. இரண்டும் சமம் என்று யுனிகோட் விதியே சொல்கிறது. திரையில் பார்த்தால் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. ஆனால் 'தோட்டம்' முதல் முறையில் 7 குறியீடு, இரண்டாம் முறையில் 8. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். கேமரனில் வரும் 'கே'க்கு இரண்டாவது முறை கிடையாது. அதனால் அது தப்பியது.

2014இல் அண்ணன் வைத்திருந்த மேக் கணினியின் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைச் சேமிக்கும்போது இப்படிப்பட்ட எழுத்துகளைப் பிரித்துத்தான் வைக்கும். அண்ணன் எப்படித் தட்டச்சு செய்தாலும் உள்ளே போவது கொம்பு தனி, கால் தனி. ஜிப் கோப்பிலும் அப்படியே வந்தது. என் லினக்ஸ் கணினியில் நான் தட்டச்சு செய்ததோ சேர்ந்த குறியீடு. பைத்தான் இரண்டையும் குறியீடு குறியீடாக ஒப்பிட்டது. பொருந்தவில்லை. காலிப் பட்டியலைத் தந்தது. காலிப் பட்டியலில் படி எடுக்க எதுவும் இல்லாததால் அடுத்த சொல்லுக்குப் போனது. கடைசியில், நான் சொல்லி வைத்திருந்தபடியே, 'முடிந்தது' என்றது.

அண்ணனின் பழைய பட்டியலைக் குறியீடு குறியீடாகப் பிரித்துப் பார்த்தேன். ஐயமே இல்லை. தோட்டம் என்ற சொல் 47 இடத்திலும் எட்டுக் குறியீடாகவே இருந்தது.

இதற்குத் தீர்வு கடினமானது அல்ல. பெயரையும் தேடும் சொல்லையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். பைத்தானில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். மற்ற முக்கிய மொழிகளிலும் இந்த வசதி உண்டு. தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்யும் நிரலாளர்கள் இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பெயர், மாணவர் பெயர், பாடல் தலைப்பு என்று எங்கே ஒகரம் வந்தாலும் இந்தக் குழி காத்திருக்கிறது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் ஆண்டுக்கணக்கில் தெரியாது.

தட்டுக்குள் தேடியது

காரணம் தெரிந்துவிட்டது. படங்கள்?

நல்ல வேளையாக, என் பழைய தட்டு சுழலும் வகை வன்தட்டு. நான் செய்ததும் விரைவு முறையில் அழித்தல்தான். அப்படிச் செய்யும்போது கோப்புகளின் முகவரிப் பட்டியல்தான் முதலில் போகிறது. உள்ளே உள்ள தரவின் மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை அது அங்கேயே கிடக்கும். முதல் வேலையாக மகனிடமிருந்து தட்டை வாங்கினேன். அவன் பதினைந்து கார்ட்டூன் படங்களை ஏற்றியிருந்தான்.

ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது பெயரைப் பார்க்காது. தட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். அந்த அடையாளம் தென்படும் இடத்தில் நின்று, அங்கிருந்து படத்தை எடுத்துத் தரும். பெயர் மாதிரி தொலைத்ததை உள்ளடக்க மாதிரி தேடிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

இரவு முழுவதும் ஓடியது. ஆயிரக்கணக்கான படங்கள் வந்து விழுந்தன. இணையக் குப்பை, அலுவலகப் படங்கள், ஏற்கெனவே கையில் இருந்தவை எல்லாவற்றையும் ஒதுக்கினேன். 103இல் 88 முழுமையாகக் கிடைத்தன. 9 படங்களுக்குக் கீழ்ப்பாதி இல்லை, சாம்பல் நிறமாக இருந்தது. 6 படங்கள் கிடைக்கவே இல்லை. கார்ட்டூன் படங்கள் அவற்றின் மேல் ஏறிவிட்டன. மகன்மீது எந்தத் தவறும் இல்லை.

வீட்டில் செய்யக் கூடியவை

நிரல் எழுதத் தெரியாதவர்களும் கைப்பேசியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வன்தட்டுக்கும் படங்களை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். இந்தக் கசப்பில் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலில் எண்ணுங்கள். மாற்றுவதற்கு முன் கோப்புறையில் எத்தனை, மாற்றிய பின் எத்தனை. எந்தக் கணினியிலும் இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். எண் பொருந்தவில்லை என்றால் நின்றுவிடுங்கள்.

படி எடுத்த அன்றே பழையதை அழிக்காதீர்கள். ஒரு மாதமாவது போகட்டும். வீட்டில் யாராவது ஒருவர் "அந்தப் படம் எங்கே?" என்று கேட்கும்வரை காத்திருப்பது நல்லது.

எண் போடும்போது 1, 2, 10 என்று போடாமல் 001, 002, 010 என்று போடுங்கள். பல நிரல்கள் எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்துவதால் 1க்குப் பிறகு 10 வந்து, அதற்குப் பின்தான் 2 வரும். தேதி எழுதினால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். தானாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்.

இரண்டு படிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒரே வீட்டில் பத்துப் படி இருந்தாலும் வெள்ளத்துக்கு அது ஒரே படிதான்.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு: நட்சத்திரக் குறி போட்டு எதையாவது அழிக்கவோ நகர்த்தவோ போகிறீர்கள் என்றால், அதே மாதிரியைக் கொடுத்து முதலில் பட்டியல் மட்டும் போட்டுப் பாருங்கள். காலிப் பட்டியல் வந்தால் நிரல் சத்தம் போட வேண்டும். வரிசை முக்கியம் என்றால் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 'முடிந்தது' என்று மட்டும் காட்டாதீர்கள். என் நிரல் இப்போது '412இல் 412' என்று காட்டுகிறது. இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

மறுபடியும் பெயர் வைத்தோம்

மீட்டெடுத்த படங்களுக்குப் பெயர் கிடையாது. மென்பொருள் தன் விருப்பத்துக்கு நீளமான எண்களை வைத்திருந்தது. எது எந்த ஆண்டு, யார் யார் என்று சொல்ல அப்பாவை விட்டால் ஆள் இல்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பசியாறியதும் அப்பாவின் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். 2014இல் அண்ணன் பெயர் வைத்தபோது தோட்டம், கோயில் என்று மட்டும்தான் வைத்தார். இந்த முறை அப்பா ஒவ்வொரு படத்துக்கும் கதை சொன்னார். லயத்து வீட்டு வாசலில் நிற்பது யார், பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் கிராணி யார், திருவிழாவில் காவடி எடுத்தவர் பிறகு எங்கே குடிபோனார் என்று எல்லாம் சொன்னார். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. பெயர்களை எல்லாம் கோப்போடு சேர்த்து எழுதி வைத்தேன். அண்ணனும் ஜொகூரிலிருந்து காணொளி அழைப்பில் சேர்ந்துகொண்டார்.

கடைசி ஞாயிறு, பால் வாளியோடு அம்மா நிற்கும் படம் வந்தது. முழுமையாகக் கிடைத்தவற்றில் அதுவும் ஒன்று. அப்பா நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுக்குத் தோட்டம்னு போடவாப்பா?"

"வேணாம்மா. 'அம்மா'ன்னு போடு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதுல கொம்பு கிடையாது. எங்கேயும் தொலையாது."

அந்தப் படத்தின் பெயர் இப்போது 'அம்மா_001'. ஒரு படி என் வீட்டில், ஒன்று அக்கா வீட்டில், ஒன்று அண்ணன் வீட்டில் இருக்கிறது.